தொலைவிலிருந்தோர் தொகுத்த அகராதி

ஒரே கூரையின்கீழ் அமராதவர்கள் ஒரு பணியைச் சேர்ந்து செய்து முடிக்க இயலுமா? 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர் இக்கேள்வி அலுவலகங்களின் அன்றாடக் கவலையாகிவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்வோரைத் திரும்ப அழைக்கலாமா வேண்டாமா என்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. வாதிடும் இரு சாராரும் தொலைவையே கூண்டில் ஏற்றி விசாரிக்கின்றனர். ஒரு சாரார் அதனைத் தண்டிக்க விழைகின்றனர். மறு சாரார் விடுவிக்க விழைகின்றனர். கூட்டுப் பணியில் தொலைவு உண்மையில் என்ன செய்கிறது என்பதை அறிய, இணையமும் மின்னஞ்சலும் இல்லாத காலத்தில், ஏறத்தாழ 70 ஆண்டுகள் நடந்த ஒரு பெரும்பணியின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும். இலக்கிய வாசகர்களாகிய நமக்கு அப்பணி அந்நியமானதன்று. ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியே அது.

இவ்வரலாற்றில் ஆய்வாளனுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே கழகம், ஒரே நோக்கம், ஒரே அஞ்சல் முறை, பெரும்பாலும் ஒரே வகையான தன்னார்வலர்கள். இருந்தும் முதல் 20 ஆண்டுகளில் பணி தேய்ந்து நின்றது. அடுத்த 50 ஆண்டுகளில் நிமிர்ந்து நிறைவேறியது. இடையில் தொலைவு குறையவில்லை. அப்படியானால் மாறியது எது?

கனவும் 54 சிற்றறைகளும்

1857ஆம் ஆண்டு லண்டன் மொழிநூல் கழகம், அதுவரை வெளிவந்த ஆங்கில அகராதிகளில் இடம்பெறாத சொற்களைத் திரட்ட மூவர் குழு ஒன்றை அமைத்தது. ரிச்சர்ட் செனவிக்ஸ் டிரென்ச், ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், ஃபிரெடரிக் ஃபர்னிவல் ஆகியோர் அம்மூவர். அவ்வாண்டு நவம்பரில் டிரென்ச் ஆற்றிய உரைகள் பணியின் போக்கையே மாற்றின. விடுபட்ட சொற்களைச் சேர்த்து ஒட்டுப்போடுவதால் பயனில்லை. ஒவ்வொரு சொல்லும் மொழிக்குள் எப்போது வந்தது, பொருள் எவ்வாறு திரிந்தது, எப்போது வழக்கொழிந்தது என்பதைச் சான்றுகளோடு காட்டும் புதிய அகராதி வேண்டும் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டு கழகம் அதனை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது.

சொல்லின் வரலாற்றை எழுதுவதென்றால், பல நூற்றாண்டு ஆங்கில நூல்கள் அனைத்தையும் சொல்சொல்லாகப் படித்தாக வேண்டும். ஒருவர் ஆயுளில் ஆகக்கூடிய காரியமன்று. எனவே படிக்கும் வேலையைப் பலருக்குப் பிரித்துத் தருவதென முடிவாயிற்று. விருப்பமுள்ள எவரும் தம் வீட்டிலிருந்தே ஒரு நூலைப் படிக்கலாம். குறிக்கத்தக்க சொல்லைக் கண்டால் அது வரும் தொடரை ஒரு சீட்டில் எழுதி அனுப்பலாம். 1840இல் வந்த ஒரு பென்னி அஞ்சல் முறை இதற்குத் துணை நின்றது. அமெரிக்க வாசகர்களை ஒருங்கிணைக்க ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் இசைந்தார். 18ஆம் நூற்றாண்டு நூல்கள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன.

முதல் பதிப்பாசிரியரான ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், கவிஞர் கோல்ரிட்ஜின் பேரன். வந்து சேரும் சீட்டுகளை அடுக்க 54 சிற்றறைகள் கொண்ட மரத்தட்டு ஒன்றைச் செய்வித்தார். ஒரு லட்சம் சீட்டுகளை அது கொள்ளும் என்பது அவர் கணக்கு. அகராதி நிறைவுற்றபோது வந்திருந்த சீட்டுகள் ஏறத்தாழ 50 லட்சம் என்பதை நினைத்தால், தொடங்கியோர்க்குத் தாம் தொடங்கியது எத்தகையது என்று தெரிந்திருக்கவில்லை என்பது விளங்கும். 1861இல் தமது 30ஆம் வயதில் காசநோயால் கோல்ரிட்ஜ் மறைந்தார்.

ஆர்வம் மட்டும் போதாது

அடுத்துப் பொறுப்பேற்ற ஃபர்னிவல் எல்லையற்ற உற்சாகம் உடையவர். ஆட்களைச் சேர்ப்பதில் அவருக்கு நிகர் அவரே. படிப்போரை மட்டுமன்றி, ஒவ்வோர் எழுத்துக்கும் துணைப் பதிப்பாளர்களையும் அமர்த்தினார். அவர்களும் ஊதியமற்ற தன்னார்வலர்களே. தமக்கு வரும் சீட்டுக்கட்டுகளை அகரநிரலில் அடுக்கி, பொருள்வாரியாகப் பிரித்துவைப்பது அவர்கள் வேலை. பழைய நூல்களுக்கு நம்பத்தக்க பதிப்புகள் இல்லை என்பதைக் கண்ட ஃபர்னிவல், 1864இல் பழைய ஆங்கில நூற்கழகத்தையும் 1868இல் சாசர் கழகத்தையும் நிறுவினார். ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த நம் முன்னோரை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு அச்செயலின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. அப்பதிப்புகள் இன்றேல் பின்னாளில் சொற்களின் காலத்தைத் துணிவது அரிதாகியிருக்கும்.

எனினும், அகராதி நகரவில்லை. ஃபர்னிவல் புதிய புதிய காரியங்களைத் தொடங்கிக்கொண்டே இருந்தார். தொடங்கியதைப் பின்தொடரும் பழக்கம் அவரிடம் இல்லை. எவரிடம் எந்த நூல் உள்ளது, எவர் முடித்தார், எவர் பாதியில் விட்டார், எவர் இறந்தார் என்பதை ஒழுங்காகக் கண்காணிப்பார் இல்லை. தாம் அனுப்பிய சீட்டு ஏதேனும் பயன்பட்டதா என்று தொலைவிலிருந்தவர்க்குத் தெரிய வழியில்லை. பதில் வராத இடத்துக்கு எத்தனை நாள் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியும்? படிப்போர் ஒவ்வொருவராக ஓய்ந்தனர். துணைப் பதிப்பாளர்களிற் பலர் கட்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டு மறந்தனர்.

தொலைவில் நடக்கும் கூட்டுப் பணிக்கு நேரும் முதற்கேடு இதுவெனலாம். ஒரே அறையில் இருப்போருக்குள் ஒருவர் சோர்ந்தால் மற்றவர் கண்ணில் படும். தொலைவில் இருப்பவரின் சோர்வு ஓசையின்றி நிகழ்கிறது. கடிதம் வரவில்லை என்பதே அதன் ஒரே அடையாளம். வராத கடிதத்தைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அன்று இல்லை.

இரண்டு டன் தாள்கள்

1879ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழக அச்சகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரி. ஸ்காட்லாந்தின் சிற்றூர் ஒன்றில் 1837இல் பிறந்தவர்; மொழிகளைத் தாமே கற்றவர்; அப்போது லண்டனை அடுத்த மில் ஹில் பள்ளியில் ஆசிரியர். பத்தாண்டுகளில் நான்கு தொகுதிகள் என்பது ஒப்பந்தம். ஃபர்னிவலிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்தவை ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள தாள்கள்.

அத்தாள்களின் நிலையே கடந்த 20 ஆண்டுகளின் வரலாற்றைச் சொல்லியது. ஒரு சாக்கில் செத்த எலி கிடந்தது; இன்னொன்றில் சுண்டெலி ஒன்று குட்டிகளோடு குடியிருந்தது. எச் என்னும் எழுத்துக்குரிய சீட்டுகள் இத்தாலியில், தூதராகச் சென்றிருந்த மார்ஷிடம் இருந்தன. பி, ஏ எனத் தொடங்கும் சொற்களுக்கான சீட்டுகளைத் தேடியபோது, அவற்றை வைத்திருந்தவர் இறந்துபோனதும், அயர்லாந்தின் கேவன் மாவட்டத்தில் ஒரு குதிரைலாயத்தில் அவை கிடந்ததும், அவற்றுட் பெரும்பகுதி அடுப்பு மூட்டப் பயன்பட்டுவிட்டதும் தெரியவந்தன.

மர்ரி தம் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகடுகளால் ஒரு கொட்டகை எழுப்பினார். எழுதுகூடம் என்பது அதன் பெயர். உள்ளே 1,029 சிற்றறைகள். அங்கு அமர்ந்து முதலில் அவர் செய்தது, இருப்பதைக் கணக்கெடுத்தது. அடுத்து, 1879 ஏப்ரலில், ஆங்கிலம் பேசும் படிக்கும் மக்கள் அனைவருக்கும் வேண்டுகோள் ஒன்றை அச்சிட்டுப் பரப்பினார். எந்தெந்த நூல்கள் இன்னும் படிக்கப்படவில்லை என்னும் பட்டியலும் அதில் இருந்தது. உதவுங்கள் என்று பொதுவில் கேட்பதற்கும், இன்ன நூலைப் படிப்பார் இல்லை, நீங்கள் படிப்பீர்களா என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் குடியேற்ற நாடுகளிலிருந்தும் மக்கள் முன்வந்தனர்.

ஒரு சீட்டின் இலக்கணம்

மர்ரியின் முறையைப் புரிந்துகொள்ள ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தால் போதும். அளவு அரைத்தாள். இடப்பக்க மேல்மூலையில் சொல். அதன்கீழ் ஆண்டு, ஆசிரியர், நூல், பதிப்பு, பக்கம். பின்னர் முழுத் தொடர். இவ்வளவே. எழுதியவர் பேராசிரியரா, வீட்டில் இருக்கும் பெண்ணா, பாதிரியாரா என்பது சீட்டில் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஒருவர் சீட்டு மற்றவர் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வியன்னாவில் இருப்பவர் இரவில் எழுதலாம். அமெரிக்காவில் இருப்பவர் ஆறு மாதம் கழித்து எழுதலாம். எழுதுகூடத்துக்கு வந்ததும் இரண்டும் ஒரே சிற்றறையில் அருகருகே உட்கார்ந்துவிடும். பணியை இப்படி வெட்டிக் கொடுத்துவிட்டால் தொலைவுக்குப் பெரும்பாலும் அங்கே வேலை இல்லை. அடிக்கடி படிக்கப்பட்ட நூல்களுக்கு, அதன் பெயரையும் ஆண்டையும் முன்னமே அச்சிட்ட சீட்டுகளையும் மர்ரி அனுப்பினார். படிப்பவர் கைவலி குறைந்தது, பிழையும் குறைந்தது.

ஆயினும் எளிய வடிவம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. பழைய சீட்டுகளைப் பிரித்தபோது விசித்திரமான குறையொன்று வெளிப்பட்டது. கேடு செய்தல் என்னும் பொருளில் இன்றும் வழங்கும் ‘அப்யூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்து மேற்கோள்கூட இல்லை. வழக்கொழிந்துபோன ‘அப்யூஷன்’ என்ற சொல்லுக்கோ ஏறத்தாழ 50 மேற்கோள்கள் இருந்தன. படித்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். அரிய சொற்களைத் தேடுவதே பணி என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள், அதனைச் செவ்வனே செய்தார்கள். அன்றாடச் சொற்கள் கண்ணெதிரே கடந்துபோயின.

மைய அறையில் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் திருத்தப்பட்டிருக்கும் புரிதற்பிழை அது. சிற்றறையில் எதிரெதிரே இரண்டு கட்டுகளையும் பார்க்கும் எவருக்கும் தெரிந்துவிடும். தனித்தனி வீடுகளில் இருந்த நூற்றுக்கணக்கானோருக்கு மற்றவர் என்ன அனுப்புகிறார் என்று தெரியாது. எனவே அதே பிழை நூற்றுக்கணக்கான கைகளில், 20 ஆண்டுகள், பிழையென்றே தெரியாமல் பெருகியது. தொலைவு செய்யும் இரண்டாவது கேடு இது. மந்தமானவர்களை அது மேலும் மந்தமாக்குகிறது என்பதைவிட, உழைப்பாளிகளைத் தவறான திசையில் நெடுந்தூரம் நடக்க விடுகிறது என்பதே பொருந்தும்.

மர்ரி இதற்குக் கண்ட மருந்து இரண்டு. புதிய அறிவுரைகளில், சாதாரணச் சொற்களுக்கும் இயன்ற அளவு மேற்கோள் எடுக்கச் சொன்னார். பின்னர், இன்ன சொல்லுக்கு இன்ன ஆண்டுக்கு முந்திய சான்று வேண்டும் என்று தேவைப்பட்டியல்களை அச்சிட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார். மையத்தில் மட்டும் தெரியும் குறை அப்பட்டியல்கள் வழியே ஓரத்தில் இருப்போருக்கும் தெரிந்தது. கடிதப் போக்குவரத்து இருவழிப்பாதையாயிற்று.

கேள்விகளையும் அவர் ஓயாமல் எழுதினார். செடியொன்றின் பெயர் எப்போது பதிவாயிற்று என்று கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கடிதம். சமயக் கலைச்சொல் குறித்துப் பாதிரியாருக்குக் கடிதம். தம் பாட்டில் இச்சொல்லை எப்பொருளில் ஆண்டீர் என்று டென்னிசனுக்கும் பிரௌனிங்குக்கும் கடிதம். 1885இல் அவர் ஆக்ஸ்ஃபர்டுக்குக் குடிபெயர்ந்தபோது, அஞ்சல்துறை அவர் வீட்டு வாசலிலேயே ஓர் அஞ்சற்பெட்டியை நிறுவியது. ‘மர்ரி, ஆக்ஸ்ஃபர்டு’ என்று எழுதினாலே கடிதம் போய்ச் சேர்ந்தது.

அவர் எல்லாரையும் ஒன்றுபோல நம்பியவரும் அல்லர். அவருடைய முகவரிக் குறிப்பேடுகளை ஆராய்ந்து சாரா ஓகில்வி 2023இல் வெளியிட்ட நூல், ஏறத்தாழ 3,000 பங்களிப்பாளர்களை அடையாளம் காட்டுகிறது. பெயர்களுக்கு எதிரே அவர்கள் எடுத்துக்கொண்ட நூல்கள், அனுப்பிய சீட்டுகளின் கணக்கு ஆகியவற்றோடு, இவரால் ஆகாது, கைவிட்டார் என்பன போன்ற கடுமையான குறிப்புகளும் உள்ளன. ஃபர்னிவல் காலத்தில் எவரும் கவனியாத ‘வராத கடிதம்’ இங்கே பதிவாகியிருக்கிறது.

முகம் அறியாதோர்

எழுதியவர் முகம் சீட்டில் தெரியாது என்றோம். சிலருக்கு அதுவே பெரும்பேறாயிற்று. பல்கலைக்கழகம் அக்காலத்தில் இடம் தராத பெண்கள் பலர் இப்பணியில் முன்னணியில் நின்றனர். எடித் தாம்சன் என்னும் வரலாற்று நூலாசிரியரும் அவர் சகோதரியும் ஆயிரக்கணக்கில் மேற்கோள்கள் அனுப்பியதோடு, அச்சுப்படிகளையும் திருத்தித் தந்தனர். தாமஸ் ஆஸ்டின் என்பவர் அனுப்பியவை ஏறத்தாழ 1,65,000 சீட்டுகள்.

ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால் காசியில் ஆசிரியராக இருந்த அமெரிக்க வடமொழி அறிஞர். லண்டன் அறிவுலகத்தோடு பூசலிட்டு, 1869இல் சஃபோக் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் ஒதுங்கிவிட்டார். எவரோடும் பழகாத அம்மனிதர், 1901இல் இறக்கும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள், நாள்தோறும் நான்கு மணிநேரம் அகராதியின் அச்சுப்படிகளைத் திருத்திக் கொடுத்தார். அவரும் மர்ரியும் நேரில் சந்தித்ததே இல்லை. நேரில் பழகியிருந்தால் அவ்வுறவு 20 ஆண்டுகள் நீடித்திருக்குமா என்பது ஐயமே.

வில்லியம் செஸ்டர் மைனரின் கதை பலரும் அறிந்தது. அமெரிக்கப் படை மருத்துவரான அவர், மனநோயின் பிடியில் 1872இல் லண்டனில் தொழிலாளி ஒருவரைச் சுட்டுக்கொன்று, பிராட்மூர் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர். மர்ரி அவரை மருத்துவ அதிகாரி என்று எண்ணிப் பார்க்கச் சென்று திடுக்கிட்டார் என்னும் கட்டுக்கதையை இன்றும் சிலர் மெய்யென்று சொல்வர். நமக்கு வேண்டியது அக்கதையன்று. மைனர் வகுத்துக்கொண்ட வேலைமுறை. மற்றவர்கள் கண்ட சொல்லையெல்லாம் எழுதி அனுப்பினர். மைனரோ தம் நூல்களிலுள்ள சொற்களுக்குப் பக்க எண்ணோடு அட்டவணை தயாரித்து வைத்துக்கொண்டு, எழுதுகூடத்தில் இப்போது எந்தச் சொல் நடக்கிறது என்று கேட்டார். கேட்ட சொல்லுக்கு உரிய மேற்கோள்கள் உடனே போயின. தம் வசதியை விட்டு, மையத்தின் அன்றைய தேவையோடு தம் உழைப்பைப் பொருத்திய தொலைதூரப் பணியாளர் அவர். கடந்த நான்கு நூற்றாண்டுச் சொல்வழக்கை மைனரின் மேற்கோள்களைக் கொண்டே விளக்கிவிடலாம் என்னும் கருத்தில் மர்ரி அவரைப் பாராட்டியிருக்கிறார்.

மைனர் 1834இல் இலங்கையில் பிறந்தவர் என்பதும் தமிழ் வாசகர்கள் அறியத்தக்கது. அவர் தந்தை ஈஸ்ட்மன் மைனர், மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தியவர். 58,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி, மானிப்பாய் அகராதி என்றே பெயர்பெற்ற அந்நூல், 1842இல் வெளியானபோது வில்லியம் எட்டு வயதுச் சிறுவர். இத்தற்செயலை வைத்துக் கதை புனைய நமக்கு விருப்பமில்லை. அகராதிப் பணி நடந்த ஊரொன்றில் வளர்ந்தவர் இன்னோர் அகராதிக்குத் தொண்டு செய்தார் என்னுமளவில் நிறுத்திக்கொள்வோம்.

பிரிக்க இயலாத பகுதி

இதுவரை சொன்னதைக் கொண்டு, எப்பணியையும் துண்டாக்கித் தொலைவுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவுகட்டுவது தவறாகும். மேற்கோள் திரட்டலைப் பிரிக்க முடிந்தது. பொருள் வரையறுப்பதைப் பிரிக்க முடியவில்லை. ஒரு சொல்லின் பத்துப் பொருள்களுள் எது முதலில் தோன்றியது, எது எதிலிருந்து கிளைத்தது என்று துணிய, சீட்டுகள் அனைத்தையும் ஒரே மேசையில் பரப்பி, மீண்டும் மீண்டும் இடம்மாற்றிப் பார்க்க வேண்டும். வெளியூர்த் துணைப் பதிப்பாளர்கள் பிரித்தனுப்பிய கட்டுகள் உதவின. எனினும் மர்ரியும் உதவியாளர்களும் பலவற்றைக் கலைத்து மீண்டும் அடுக்க வேண்டியிருந்தது. ஏ முதல் ‘ஆன்ட்’ என்னும் சொல் வரையிலான 352 பக்க முதற்பகுதியே 1884இல்தான் வந்தது. பத்தாண்டு ஒப்பந்தத்தில் பாதிக்காலம் அதற்குள் கழிந்திருந்தது.

அம்முதற்பகுதிக்கு மதிப்புரை எழுதிய ஹென்றி பிராட்லியின் புலமையைக் கண்டு அவரையே பணியில் சேர்த்துக்கொண்டனர். பின்னர் இரண்டாம் பதிப்பாசிரியரான அவர், சில ஆண்டுகள் லண்டனிலேயே இருந்து வேலை பார்த்தார். 1896இல் அவரும் ஆக்ஸ்ஃபர்டுக்கு வந்து சேர்ந்தார். படிப்போர் எங்கும் இருக்கலாம். முடிவு செய்வோர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே அனுபவம் கற்பித்த பாடம்.

மையம் என்பதாலேயே அது பிழையற்றதாகிவிடவும் இல்லை. ‘பாண்ட்மெய்ட்’, அதாவது அடிமைப்பெண், என்னும் சொல் முதற்பதிப்பில் விடுபட்டுப்போயிற்று. கடல்கடந்து வந்த லட்சக்கணக்கான சீட்டுகள் பத்திரமாக வந்து சேர்ந்திருக்க, இச்சொல்லின் சீட்டுகள் எழுதுகூடத்துக்குள்ளேயே தவறிப்போயின. 1933ஆம் ஆண்டின் இணைப்புத் தொகுதியில்தான் அச்சொல் இடம்பெற்றது.

மையத்தில் இருந்தவர் கொடுத்த விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தரைமட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்த ஆக்ஸ்ஃபர்டு எழுதுகூடம் குளிரும் ஈரமும் நிறைந்தது. காற்றுக்கு அஞ்சி மர்ரி கால்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு எழுதினார். அவருடைய பதினொரு குழந்தைகளும் கைச்செலவுக் காசுக்காகச் சீட்டு அடுக்கி வளர்ந்தனர். விரைந்து முடிக்கச் சொல்லி அச்சகத்தின் நெருக்கடி ஓயவில்லை. 1915இல் மர்ரி காலமானார். வில்லியம் கிரெய்கியும் சார்லஸ் அனியன்ஸும் எஞ்சியதை முடித்தனர். 1928 ஏப்ரலில் இறுதிப்பகுதி வெளிவந்தது. சொற்கள் 4,14,825, மேற்கோள்கள் 18,27,306.

தொலைவு என்னும் சோதனை

பிற்காலத்து ஆய்வாளர்கள் இதே பொருளை வேறு வழியில் அணுகியுள்ளனர். ஒரே நிறுவனத்துப் பொறியாளர்களின் மேசைகளுக்கிடையே சில பத்து மீட்டர் இடைவெளி கூடினாலே அவர்களுக்குள் பேச்சு வெகுவாகக் குறைந்துவிடுவதை 1970களில் தாமஸ் ஆலன் காட்டினார். 2000ஆம் ஆண்டில் கேரி ஆல்சன், ஜூடித் ஆல்சன் ஆகிய இருவர் எழுதிய கட்டுரை, தொலைவில் நடக்கும் பணியின் வெற்றியை நான்கு காரணங்களில் தேடியது: உறுப்பினரிடையே உள்ள பொதுப்புரிதல், பணிகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் அளவு, ஒத்துழைக்கும் மனநிலை, கருவிகளில் பழக்கம். மர்ரியின் எழுதுகூடத்தை இந்நான்கும் அப்படியே விளக்குகின்றன. சீட்டு, சார்பைக் குறைத்தது; அறிவுரையும் தேவைப்பட்டியலும் பொதுப்புரிதலை வளர்த்தன; ஒத்துழைக்கும் மனம் தன்னார்வலர்களிடம் முன்னமே இருந்தது; பென்னி அஞ்சல் அனைவரும் பழகிய கருவி.

பொதுப்புரிதல் ஆழமாக இருந்துவிட்டால் நெருங்கிய சார்புள்ள பணியும் தொலைவில் நடக்கும் என்பதற்கு அக்காலத்துச் சான்று ஒன்று நம் மண்ணிலேயே உண்டு. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்த ஆர்தர் பர்னெல், ஐரோப்பாவில் இருந்த ஹென்றி யூலோடு கடிதம் வழியாகவே ஓர் அகராதியை வளர்த்தார். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் போன்ற நம் சொற்கள் ஆங்கிலத்துள் புகுந்த கதையைச் சொல்லும் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அது. 1882இல் பர்னெல் மறைந்தார். யூல் பணியை முடித்து 1886இல் வெளியிட்டபோது, நண்பர் பெயரையும் முகப்பேட்டில் பொறித்தார். இருவர் மட்டுமே, இருவருக்கும் ஒரே ஈடுபாடு, ஒரே வகைப் படிப்பு. அங்கே அறிவுரைத்தாளுக்கும் தேவைப்பட்டியலுக்கும் வேலையில்லை. மூவாயிரம் பேரிடம் அத்தகைய புரிதலை எதிர்பார்க்க முடியாது. அதனை உழைத்து உண்டாக்க வேண்டும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை கூறலாம். ஃபர்னிவல் காலத்துக்கும் மர்ரி காலத்துக்கும் இடையில் மாறியது, மையத்தில் இருந்தவர் செய்த வேலை. தனியே செய்யக்கூடியதையும் கூடியே செய்ய வேண்டியதையும் பிரித்தறிந்தது, எதைச் செய்வது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது, வந்ததைக் கணக்கெடுத்தது, வராததையும் கணக்கெடுத்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, பதில் எழுதியது. இவற்றைச் செய்யாத மேலாளருக்குத் தொலைவு ஒரு நல்ல சாக்கு. ஒரே அறையில் குறைபாடுகள் மூடிக்கிடக்கும். அடுத்த மேசைக்காரரைக் கேட்டு எப்படியோ சமாளித்துவிடலாம். தொலைவு அம்மூடியைத் திறந்துவிடுகிறது. ஊழியர்களைத் திரும்ப அழைப்பதால் மூடி மீண்டும் விழும்; உள்ளிருக்கும் குறை அப்படியே இருக்கும்.

ஃபர்னிவலுக்குச் சீட்டு அனுப்பியவர்களும் மர்ரிக்கு அனுப்பியவர்களும் ஒரே வகை மக்களே. முன்னவர்களின் உழைப்பிற் பெரும்பகுதி எலிக்கும் அடுப்புக்கும் போயிற்று. பின்னவர்களின் உழைப்பு மேற்கோளாக அச்சில் நிற்கிறது. ஊதியம் கேளாமல், முகம் காட்டாமல் உழைக்க முன்வருவோர் எக்காலத்திலும் இருக்கின்றனர். அவர்கள் தந்ததைப் பத்திரமாகப் பெற்றுக்கொள்ள ஒரு சிற்றறையும், பெற்றுக்கொண்டோம் என்று சொல்ல ஒரு கடிதமும் நம்மிடம் உண்டா என்பதே கேள்வி.